உப்பு வைத்த மேசை

உப்பு இரும்பைத் தின்னும். இது தூத்துக்குடியில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்குக் கீல் மாற்றுகிறவர்கள் நாங்கள். உப்பு மரத்தைக் காக்கும். இதுவும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் இந்த இரண்டும் தெரியும். ஐம்பத்து நான்கு வயது வரை இரண்டையும் தலைக்குள் தனித்தனி மூலையில் பத்திரமாக வைத்திருந்தேன். ஒன்றையொன்று அவை முதன்முதலாகச் சந்தித்தது நான் செய்த மேசைக்குள்தான், இருநூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள ஒரு கருங்கல்லுக்குக் கீழே. முட்டாள்தனத்துக்கு அளவு சொல்ல முடியுமென்றால் என்னுடையது ஆறடிக்கு மூன்றடி, இரண்டங்குலக் கனம்.

நான் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் காகிதம் பார்க்கிற ஆள். கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறதென்று கண்ணால் பார்க்காமலே கையெழுத்துக்கு அனுப்புவேன். இப்படி முப்பது வருஷம் ஒரு பொருளையும் தொடாமல் உழைத்தவனுக்கு ஒருநாள் கை அரிக்கத்தான் செய்யும். அலுவலகத்தில் ஒருவர் மாடியில் கத்தரிச்செடி வைத்தார். இன்னொருவர் புல்லாங்குழல் பழகினார். அவர் வீட்டார்தான் பாவம். நான் கைபேசியில் தச்சு வேலை வீடியோ பார்த்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரன், வாயே திறக்காமல், பத்து நிமிஷத்தில் ஒரு மேசை செய்தான். பத்து நிமிஷம்தானே என்று நினைத்தேன்.

முதலில் வந்தது கல். ஏற்றுமதிக்குக் கருங்கல்லை அறுத்துப் பளபளப்பாக்கும் பட்டறை ஒன்றுக்குக் காகிதம் கொடுக்கப் போயிருந்தேன். மூலை உடைந்த பலகை ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது.

"ரிஜெக்ட் அண்ணாச்சி. எடத்த அடைச்சிக்கிட்டு நிக்கி. வேணும்னா நீங்க தூக்கிட்டுப் போங்க" என்றார் பட்டறைக்காரர்.

தூக்கிட்டுப் போங்க என்று சொல்வது எவ்வளவு சுலபம்! எட்டு பேர் தேவைப்பட்டார்கள். கயிறு போட்டு, கட்டை கொடுத்து, மினி லாரியிலிருந்து என் வீட்டு முற்றத்தில் இறக்குவதற்குள் எட்டு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அவர்களில் மூத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே கல்லைச் சுற்றி வந்தார்.

"கல்லறைக்கா அண்ணாச்சி? பேரு இன்னும் வெட்டலயே?"

"இல்லப்பா, மேசைக்கு. மேல இலை போட்டுச் சோறு திங்க."

அவர் கல்லை ஒருமுறை தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு என்னை அதேபோல் பார்த்தார்.

"ரெண்டுக்கும் அளவு ஒண்ணுதான் போல" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

ஒரு மாதம் அந்தக் கல் காம்பவுண்டு சுவரில் சாய்ந்தே இருந்தது. காலையில் பல் தேய்க்க வரும்போதெல்லாம் அதில் என் முகம் தெரியும். கறுப்பாக, கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாமல். எங்கள் வீடு திருச்செந்தூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. எதிர்ச்சுவருக்கு அந்தப் பக்கம் உப்பளம். வெயிலில் அந்த வெள்ளை, கல்லில் என் தலைக்குப் பின்னால் எரிந்துகொண்டிருக்கும். என் மனைவி மட்டும் அந்தப் பக்கம் போகவே மாட்டாள்.

"மேசைன்னா மரத்துல செய்யப்பிடாதா? கல்லப் போயி யாரு வைப்பா" என்பாள்.

"ஏளா, காத்தடிச்சா பறக்காதுல்லா."

"வீடு பறந்தாலும் இது பறக்காது" என்றுவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்தவள். எந்தப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதை அவள் முகர்ந்தே சொல்லிவிடுவாள். அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மரம் துறைமுகத்திலிருந்து வந்தது. கப்பலில் சரக்கு உருளாமல் இருக்க முட்டுக் கொடுக்கும் கனத்த கட்டைகளைப் பழைய மரக்கடைகளில் போட்டு வைத்திருப்பார்கள். எந்த நாட்டு மரம், என்ன பெயர், கடைக்காரருக்கும் தெரியாது. தூக்கினால் கை இறங்கியது. அது போதுமென்று எடுத்து வந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு ஓடாவி வீடு. படகும் தோணியும் கட்டுகிற தச்சரைக் கடற்கரையில் ஓடாவி என்போம். என் வயதுக்காரர், வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்து என் வீட்டு வாசலில் நின்று என்னைக் கிண்டல் செய்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். கட்டைகளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னவே, யானைக்கா மேசை?"

"எனக்குத்தான். நீரு ஒரு யோசனை சொல்லும். செய்யப்போறது நான்."

"நீரா?" என்று என் விரல்களைப் பார்த்தார். "சரி, இங்கேரும். ரெண்டே சங்கதி. உப்பு குடுத்த மரம் உளுக்காது. தோணிக்குச் சட்டம் வைக்கும்போது நாங்க இடுக்குல உப்பக் கெட்டிச்சித்தான் வைப்போம். அது ஒண்ணு. ரெண்டாவது, மூட்டுக்கு மூட்டு மரமுளை அடியும். நல்லாக் காஞ்ச முளை. நாலு காலுக்கும் அடிச்சீருன்னா கல்லு மேல கல்லு வச்சாலும் அசையாது."

"போல்ட்டு போட்டா என்னவே? சுலபமால்லா இருக்கும்."

"உம்ம வீட்டு கேட்டப் பாரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பார்த்தேன். போன வாரம்தான் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தேன். பளபளவென்று இருந்தது. ஆகவே போல்ட் நல்லதுதான் என்று ஓடாவியே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

முளையை முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று செதுக்கினேன். ஒன்று துளைக்குள் போகவில்லை, ஒன்று போய் அந்தப் பக்கம் விழுந்தது, மூன்றாவதை அடிக்கும்போது என் கட்டைவிரலை அடித்துக்கொண்டேன். அன்று மாலையே இரும்புக் கடைக்குப் போய் நீளமான போல்ட்டுகள் வாங்கி வந்தேன். கால் அங்குலக் கனம். கடைக்காரர் "எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். "சின்ன வேலைதான்" என்றேன்.

ஓடாவி சொன்ன முதல் சங்கதியை மட்டும் நான் அட்சரம் பிசகாமல் செய்தேன். காலிலும் குறுக்குக் கட்டையிலும் போட்ட ஒவ்வொரு துளையிலும் கல்லுப்பைக் குச்சியால் இடித்து இடித்து நிரப்பினேன். நிரப்பிவிட்டு, அதன் நடுவில் போல்ட்டைச் செலுத்தி முடுக்கினேன். போகும்போது உப்பு நறநறவென்று அரைபட்டது. கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. வாய்க்குள் எதையோ போட்டு மெல்லுவது போல.

போல்ட் தலை வெளியே தெரிந்தால் ஓடாவி என்னை ஊரெல்லாம் நாறடித்துவிடுவாரே! அதற்கும் வழி கண்டேன். தலைகளை மரத்துக்குள் இறக்கி, மேலே விளக்குமாற்றுக் கம்பை வட்டம் வட்டமாக அறுத்துப் பசையால் ஒட்டினேன். பார்த்தால் அசல் முளைதான். என் வாழ்நாளில் நான் செய்த தச்சு வேலையில் சுத்தமான பகுதி அதுதான்.

எட்டு பேரும் மறுபடி வந்து கல்லை மேலே ஏற்றினார்கள். முற்றத்தில் மேசை நின்றது. ஓடாவி வந்து குனிந்து, முளை என்று அவர் நம்பிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"மாதாவே! நீரா அடிச்சீரு? கச்சிதமா இறுகியிருக்கே."

"பின்ன?" என்றேன்.

அந்த ஒரு சொல்லை என்னால் திருப்பி வாங்க முடியாமல் போயிற்று. அவர் தன் பட்டறையில் போய், காகிதம் பார்க்கிற ஆள் ஒருவர் முளை அடித்திருக்கும் லட்சணத்தைப் பாருங்கள் என்று தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்களில் இரண்டு பேர் பார்க்கவே வந்தார்கள். நான் காப்பி கொடுத்தேன்.

ஒரு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாள் வந்தாலும் எங்கள் மேசையைக் காட்டக் கூட்டி வருவார்கள். நானும் கல்லைத் தட்டி, "இது மேல லாரியே ஏத்தலாம்" என்பேன். கண்டெய்னர் விஷயத்தில் செய்வதையே இதிலும் செய்தேன்: உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் வந்தது கறை. ஒட்டிய வட்டங்களின் கீழ் விளிம்பிலிருந்து பழுப்பாக ஒரு கோடு காலில் இறங்கியது. ஈரத்துணியால் துடைத்தேன். நாலு நாளில் மறுபடி இறங்கியது. நான்கு கால்களும் அழுதது போல் இருந்தது.

பிறகு சத்தம். பிற்பகலில் மூன்று மணி வாக்கில் கடல்காற்று திரும்பும். அந்நேரம் மேசைக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஒன்றே ஒன்று. பல்லி என்றேன் மனைவியிடம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் பல்லி ஏன் தினமும் மூன்று மணிக்கு வேலைக்கு வருகிறது?

மேசைக்கு அடியில் படுத்துக் கிடக்கும் தெருப் பூனை ஒருநாள் இடத்தை மாற்றிக்கொண்டது. வெயிலில் கிடந்தது, நிழலுக்கு வரவில்லை. ஐப்பசி பிறந்ததும் கல் வியர்க்கத் தொடங்கியது. மழை வருவதற்கு முன்னால் அதன் அடிப்பக்கம் முழுக்கத் துளித் துளியாக நீர் கோத்து நிற்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. ஒரு எலுமிச்சம்பழத்தை மேலே வைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது தானே உருள ஆரம்பித்தது.

காலும் குறுக்குக் கட்டையும் சேருகிற மூட்டில் ஒரு கீறல் இருந்தது. அதில் பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை. நிம்மதி. பத்து நாள் கழித்துப் போனது. அடுத்த பத்து நாளில் டிக்கெட்டை இரண்டாக மடித்தும் போனது. துரு பிடித்த இரும்பு ஊதும், ஊதி மரத்தைப் பிளக்கும் என்பதும் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்த வாரம்தான் மகள் வந்தாள். மதுரையில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம், வீட்டில் வளைகாப்பு வைத்திருந்தோம். பாதம் இரண்டும் வீங்கிப்போயிருந்தது. வந்த அன்றே வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறதென்று முற்றத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்தாள். மேசையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்கு அடியில் குறுக்கே ஓடும் கட்டையின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தாள்.

"ஆத்தாடி, என்ன குளுகுளுன்னு இருக்கு! எப்பா, நீங்க செஞ்சதுலயே உருப்படியா ஒண்ணு இதான்" என்றாள்.

வயிறு கல்லின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. கால் இரண்டும் கல்லுக்குக் கீழே. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. டிக்.

"பல்லி நல்ல சகுனம் சொல்லுது" என்றாள்.

அப்போதே வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். 'இதில் முளை இல்லை, போல்ட்டு' என்று நாலே வார்த்தை. அதை ஓடாவி கேட்பார், தெரு கேட்கும், காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் கேட்பார்கள். கல்லை இறக்க எட்டு பேரைக் கூப்பிட வேண்டும். எட்டு பேரும் காரணம் கேட்பார்கள். வளைகாப்பு முடியட்டும், பிறகு சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அதுவரை அவளை அங்கிருந்து எழுப்பினால் போதும். அதற்கு என்னிடம் இருந்த ஒரே கருவி என் வாய்.

மறுநாள் மேசைக்கு அடியில் எறும்புப் புற்று என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "நீங்கதான சீனி போட்டிருக்கிய?" என்றாள். போட்டிருந்தேன்தான். அடுத்த நாள், கர்ப்பிணி வடக்கே பார்த்துக் கல்லருகில் உட்காரக்கூடாதென்று வாஸ்துவில் இருப்பதாகச் சொன்னேன். அவள் நாற்காலியைக் கிழக்கே திருப்பி உட்கார்ந்தாள். நாற்காலியை ஒளித்து வைத்தேன். என் மனைவி தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். சின்ன வயதிலிருந்து மகளிடம் நான் ஒரு விஷயத்தையும் நேராகச் சொன்னவனில்லை. பள்ளிக்கூடம் லீவு என்று சொல்லி ஏமாற்றுவேன், ஐஸ் வண்டி வருகிறது என்று ஓட வைப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்த உடனே சிரிக்கப் பழகிவிட்டாள்.

திருச்செந்தூருக்கு ஒரு நடை போய் வந்தேன். மகளின் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்வதாகத்தான் வீட்டில் சொன்னது. முருகனிடம் போல்ட்டுக்காக வேண்டிக்கொண்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திரும்பி வந்ததும் யாரும் பார்க்காதபோது மேசையின் நான்கு கால்களிலும் திருநீறு பூசினேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"மேசைக்கா பூசுதிய?"

"திருஷ்டி. ஊரே பாத்துட்டுப் போகுதுல்லா."

அவள் காலில் இறங்கியிருந்த பழுப்புக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடுப்பில் ஏதோ பொங்கியது, ஓடிவிட்டாள்.

வளைகாப்புக்கு முதல் நாள் காலையில் மனைவி திட்டத்தைச் சொன்னாள். மகளை மேசைக்கு முன்னால் உட்கார வைப்பது. வளையல் தட்டு, பூ, பழம், ஏழு வகைச் சாதம் எல்லாவற்றையும் கல்லின் மேல் பரப்புவது. அத்தைமார், சித்திமார் சுற்றி நின்று நலங்கு வைப்பார்கள். சின்னதுகள் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். "இம்புட்டு பெரிய மேசை வேற எதுக்கு ஆகும்?" என்றாள்.

அன்று பிற்பகலில் இருவரும் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஸ்குரூ டிரைவரோடு மேசைக்கு அடியில் புகுந்தேன். மல்லாந்து படுத்தேன். மூக்குக்கு ஒரு முழம் மேலே கல். அதன் அடிப்பக்கம் பளபளப்பில்லை; சொரசொரவென்று, ஈரமாக. கைபேசி வெளிச்சத்தில் தெற்கு மூலைக்கால் மூட்டைப் பார்த்தேன். பிளவுக்குள் இப்போது சுண்டுவிரல் போகும். விளக்குமாற்று வட்டத்தின் ஓரத்தில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினேன். வட்டம் கழன்றது. உள்ளிருந்து பழுப்புச் சேறு வழிந்தது. அதோடு போல்ட்டின் தலையும், என் பெருவிரல் நீளத்துக்கு அதன் உடம்பும் என் நெஞ்சில் விழுந்தன. எடுத்து அமுக்கினேன். ஊறிய பிஸ்கட் மாதிரி பிட்டுக்கொண்டு வந்தது.

அந்தக் காலை எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கல்லின் கனம்தான் அதை நிற்க வைத்திருந்தது. பக்கவாட்டில் ஒரு தள்ளல் போதும்.

அப்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. இரண்டு பாதங்கள் வந்தன. வீங்கி, மெட்டி பதிந்த தடத்தோடு. செருப்பை உதறிவிட்டு என் விலாவுக்குப் பக்கத்தில் இருந்த குறுக்குக் கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தன. கட்டை அசைந்தது. என் கண்ணில் பொடி விழுந்தது. மேலே எதுவோ மிக மெதுவாக, கிர்ர் என்றது.

"எப்பா! கீழ என்ன செய்திய?" மகள் குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, காலை எடு."

"பூனை குட்டி போட்டிருக்கா?"

"காலை எடுத்துட்டு எந்திரி. மெள்ள. கட்டைய மிதிக்காம எந்திரி."

அவள் சிரித்தாள். "முந்தாநாள் எறும்பு. நேத்து வாஸ்து. இன்னைக்கு என்ன? பாம்பா?"

"சத்தியமாச் சொல்லுதேன்."

"நீங்க சத்தியம் பண்ணுனா நிச்சயம் பொய்யி" என்றாள். கால்விரலால் கட்டையில் தாளம் போட்டாள். ஒவ்வொரு தாளத்துக்கும் எனக்கு மேலே ஒரு பொடி உதிர்ந்தது. "எம்மா, இங்கன வந்து பாரு. அப்பா மேசைக்கு அடியில படுத்து பூசை பண்ணுதாவ."

மனைவி வரும் காலடி. அவள் கையில் பித்தளை அண்டா. நாளைக்கு வேண்டுமென்று விளக்கியது. அடிப்பாகம் கல்லின் விளிம்புக்கு மேலே வருவது தெரிந்தது.

"நகருங்க, இத மேல வச்சிட்டு..."

"வைக்காத!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தத் தைரியம் இல்லை என்பதும் காரணம். அண்டா அந்தரத்தில் நின்றது.

"முளை இல்ல. போல்ட்டு. உப்ப ரொப்பி உள்ள போல்ட்டப் போட்டேன். எல்லாம் அத்துப்போச்சி. ஒரு காலு சும்மாதான் நிக்கி."

மகள் இன்னும் சிரிப்பை மிச்சம் வைத்திருந்தாள். மனைவிக்கு மட்டும் அரைக்கணம் போதுமாயிருந்தது. அண்டாவைக் கீழே மண்ணில் வைத்தாள். மகளின் பக்கம் மண்டியிட்டு, கட்டையின் மேலிருந்த வலது பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு இடது பாதம். குழந்தைக்குக் கொலுசு போடுகிறவளைப் போல அவ்வளவு நிதானம். எழுந்து, பின்னால் போய், மகள் உட்கார்ந்திருந்தபடியே நாற்காலியை மண்ணில் இழுத்தாள். நாற்காலிக் கால்கள் கோடு போட்டுக்கொண்டே போயின. ஒரு அடி. மூன்று அடி. வேப்பமரம் வரை.

மகளின் சிரிப்பு எந்த அடியில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கும்போது இல்லை.

"இனி நீங்க வாங்க" என்றாள் மனைவி.

நண்டு மாதிரி பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தேன். சட்டை முழுக்கத் துரு.

ஓடாவியை அவளே போய்க் கூட்டி வந்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. கழன்று கிடந்த வட்டத்தை எடுத்துத் திருப்பினார். மூட்டிலிருந்து வழிந்த சேற்றை விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"முளைன்னு சொன்னீரேவே."

"வெளக்குமாத்துக் கம்பு" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். என்னைக் கிண்டல் செய்ய அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் என் மகள் உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்தார், வட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், தன் வீட்டுக்குப் போய்த் தோணிக் கயிறு ஒன்றைக் கொண்டு வந்தார். தெற்குக் காலின் அடியில் சுருக்குப் போட்டுக் கேட் வரைக்கும் கயிற்றை விட்டார். பெண்களை வீட்டுக்குள் போகச் சொன்னார். கயிற்றின் மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"நீரே இழும்."

பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருக்கும் என்று காலை ஊன்றினேன். தேவைப்படவில்லை. கயிற்றின் தொய்வு போனதுமே கால் கழன்று வந்துவிட்டது. மேசை ஒருபக்கமாக முட்டி மடங்கியது. மற்ற மூன்று கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளந்தன. கல் சரிந்து, விளிம்பு முன்னால் வர, விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. அதுதான் பயங்கரம். ஒரு 'தொம்'. அது காதில் கேட்டதைவிட உள்ளங்காலில் அதிகம் கேட்டது. சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து உப்பளத்தின் பக்கம் போயின.

கல் உடையவில்லை. விளிம்பு மட்டும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் இறங்கியிருந்தது. நாற்காலியின் கால்கள் நான்கு நாளாகப் பதிந்து பதிந்து நான்கு குழிகள் இருந்தன. அவற்றில் பின்னால் இருந்த இரண்டுதான் இப்போது கண்ணுக்குத் தெரிந்தன. முன் இரண்டும் கல்லுக்குக் கீழே போயிருந்தன.

ஓடாவி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். "காப்பி குடிச்சிட்டுப் போமேவே" என்றேன். அவர் காதில் விழாதது போல் போய்விட்டார். அதன்பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் வாசலைக் கிண்டல் இல்லாமல் கடந்தார்.

திரும்பினேன். மகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றில். மண்ணில் அந்த இரண்டு குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மனைவி, அண்டாவைத் துணியால் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. ஏதாவது சொல்லி இருவரையும் சிரிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குள் பழைய ஆள் துடித்தான். கல்லுக்கு ஒரு கீறல் கூட விழவில்லை பார்த்தாயா என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். துருக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாசற்படிக்குக் கீழேயே நின்று, முடிந்தவரை நேராகக் கேட்டேன்.

"ஏட்டி, நாளைக்கு வளைகாப்புக்கு உன்ன எங்கன உக்கார வைக்கட்டும்?"

"அத அம்மா பாத்துக்கிடுவா."